எதுக்கு வந்தான்னு முதல்ல கேளு, மருமகனே

மருமகனே,

நீ காரியவட்டத்துல சர்வதேச உறவுப் பாடத்துல எம்.ஏ. முடிச்சு, டில்லிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போறேன்னு உங்கம்மை சொன்னா. கொள்ளாம்டே. சாலைக் கம்போளத்துல மலஞ்சரக்கு விக்கவன் வீட்டுல இருந்து உலகத்துக்கே பஞ்சாயத்துப் பண்ண ஒருத்தன் கிளம்புதான்னா மாமனுக்குக் கசக்குமா? நீ மச்சில அங்கயும் இங்கயும் நடந்து நெட்டுருப் போட்டது பூராவும் கீழ கல்லாவுல இருந்த என் காதுலதான் விழுந்துது. பீஸு கட்டாமலே பாதி எம்.ஏ. நானும் முடிச்சாச்சு. அந்த உரிமையில நாலு வார்த்தை சொல்லுதேன். பிடிச்சா எடுத்துக்கோ, இல்லேன்னா சவத்தை விட்டுத்தள்ளு.

உன் வாத்தியாருங்க சொல்லுறது எனக்கு வெளங்கின மட்டுக்கும் இதுதான். ஹான்ஸ் மார்கெந்தாவ்னு ஒருத்தர் 1948-ல புஸ்தகம் போட்டாரு. மனுசனோட குணமே அதிகாரம் தேடுறது, நாடும் அப்பிடித்தான்ங்காரு. 1979-ல கென்னத் வால்ட்ஸ் வந்து, குணத்தை விடு, உலகத்துக்கு மேல ஒரு போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, அதனால அவனவன் கம்பை அவனவன்தான் தூக்கணும்ங்காரு. இது யதார்த்தவாதம். கோஹேன், நை ரெண்டுபேரும் 1977-லயே, வியாபாரமும் உடன்படிக்கையும் பின்னிப் பிணைஞ்சுட்டா அடிதடி நஷ்டக் கணக்காயிரும்னு எழுதியாச்சு. இது தாராளவாதம். பொறவு அலெக்சாண்டர் வென்ட். இங்கிலீஷ்காரன்கிட்ட ஐநூறு அணுகுண்டு இருந்தாலும் அமெரிக்காக்காரன் குறட்டை விடுவான், வடகொரியாக்காரன்கிட்ட அஞ்சு இருந்தா எந்திரிச்சு உக்காந்துருவான். ஆக, குண்டுல இல்லடே பயம், நினைப்புலதான் இருக்குன்னு அவரு கட்சி.

எல்லாம் நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா எழுதினவங்க எல்லாரும் பெரிய ஊருக்காரங்க. அடுத்தவன் வாசலுக்குப் போறவன் பக்கத்துல உக்காந்து எழுதினது. வாசல்ல நிக்கவனுக்கு அதுக்கு முந்தின கேள்வி ஒண்ணு உண்டு: இவன் எதுக்கு வந்தான்? ஆளு பெருசா, ஆயுதம் பெருசாங்கதைப் பைய அளந்துக்கிடலாம். நம்ம திருவிதாங்கூர் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பிழைச்சதும் உண்டு, பாதி கேட்டுட்டுப் பல்லை இளிச்சதும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு வர்த்தமானம்.

லந்தக்காரன்ல இருந்து ஆரம்பிப்போம். டச்சுக் கம்பெனின்னா அன்னைக்கு உலகத்துலயே பெரிய வியாபாரி. கப்பலும் பட்டாளமும் வச்சுருந்த வியாபாரி. மலையாளக் கரையில குட்டி குட்டி ராஜாக்களைத் தனித்தனியாப் பிடிச்சு, மிளகுக்கு அவன் சொன்ன விலைக்கு ஒப்பந்தம் போட்டு வச்சுருந்தான். நம்ம மகாராஜா மார்த்தாண்ட வர்மா அந்தக் குட்டி ராஜ்யங்களை ஒண்ணொண்ணா விழுங்க ஆரம்பிச்சதும் அவனுக்கு வெப்ராளம் வந்துட்டு. மிளகு பூராவும் ஒரே கைக்குப் போயிட்டா, விலை சொல்லுறவன் மாறிருவாம்லா? 1739-ல இலங்கையில கவர்னரா இருந்த வான் இம்ஹாஃப் நேர்லயே வந்து மகாராஜாவை மிரட்டினான், படை கொண்டு வருவேன்னு. நானும் என் மீன்பிடிக்காரனுங்களைக் கூட்டிக்கிட்டு ஐரோப்பா மேல படையெடுக்கலாம்னு யோசிக்கேன்னு மகாராஜா திருப்பிச் சொன்னதாச் சரித்திரக்காரங்க எழுதி வச்சிருக்காவ. உள்ளதோ கதையோ, பதிலு கொள்ளாம்லா?

சொன்னபடி 1741-ல குளச்சல்ல வந்து இறங்கினான். ஆகஸ்டு 10-ந்தேதி தோத்தான். நீ பரீட்சையில இங்க நிறுத்திருவே, ஆசியாக்காரன் ஐரோப்பாக்காரனை ஜெயிச்ச சண்டைன்னு. நான் அதுக்கு அப்புறம் நடந்ததைத்தான் பாக்கச் சொல்லுதேன். பிடிபட்ட தளபதி டிலனாயைத் தூக்குல போடல. மகாராஜா அவன்கிட்ட என்ன இருக்குன்னு பாத்தாரு. படைக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியும், கோட்டை கட்டத் தெரியும், பீரங்கி வார்க்கத் தெரியும். உன் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுன்னு வேலைக்கு வச்சுட்டாரு. வலிய கப்பித்தான்னு பேரு வாங்கி, 1777-ல சாகுற வரைக்கும் திருவிதாங்கூருக்கே உழைச்சான் மனுசன். உதயகிரிக் கோட்டையில கல்லறை இருக்கு, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதி. நாகர்கோவில் போற வழிதான், ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாரு.

அதைவிடப் பெரிய வேலை 1753-ல மாவேலிக்கரையில நடந்துது. அந்த உடன்படிக்கைப்படி டச்சுக்காரன் உள்நாட்டுக் காரியத்துல தலையிட மாட்டான். வருஷா வருஷம் 12,000 ரூபாய்க்கு ஆயுதம் கொடுப்பான். பதிலுக்கு மிளகு கிடைக்கும். தோத்துப்போனவன்கிட்டயே துப்பாக்கி வாங்கி, அந்தத் துப்பாக்கியை வச்சு அவனோட பழைய கூட்டாளிகளை அடக்கி, அந்த மண்ணுல விளைஞ்ச மிளகை அவனுக்கே வித்தாரு நம்மாளு. துப்பாக்கிதான் பேசுதுன்னு வால்ட்ஸ் சீடன் மீசையை முறுக்குவான். இல்ல, வியாபாரம்தான் சமாதானம் பண்ணுதுன்னு கோஹேன் சீடன் துள்ளுவான். ரெண்டுபேரும் ஒரே மிளகு மூட்டை மேல ஏறி நின்னுக்கிட்டுதான் சண்டை போடுதாவ.

வென்டை மறந்துட்டேன்னு நினைக்காதே. 1750-ல மகாராஜா ராஜ்யம் பூராவையும் பத்மநாபசுவாமி காலடியில எழுதி வச்சாரு. இனி நான் ராஜா இல்ல, பத்மநாப தாசன், சாமியோட காரியஸ்தன். நீ 1648, வெஸ்ட்ஃபாலியா, இறைமைன்னு தொண்டை கிழியக் கத்தினியே, அந்த இறைமையை மனுசன் கையில இருந்து எடுத்து, படுத்துக்கிடக்கிற பெருமாள்கிட்டக் கொடுத்தாச்சு. அன்னையில இருந்து ராஜாவை எதுத்தா ராஜதுரோகம் மட்டும் இல்ல, சாமித் துரோகம். புதுசா விழுங்கின சீமையில எவனாவது கம்பைத் தூக்குமுன்ன ரெண்டுதரம் யோசிக்கணுமா இல்லியா? பக்தியா தந்திரமான்னு என்கிட்டக் கேக்காதே. தெனமும் கிழக்கே நடையில நின்னு கும்பிடுறவன் நான். ரெண்டும்தான்னு என் மனசுல ஒரு ஓரத்துல உண்டு.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் அடுத்த தலைமுறையில ஒரு இடத்துல சறுக்கிட்டு. 1789 கடைசியில திப்பு சுல்தான் நெடுங்கோட்டையை முட்டினான். பலவான் எதுத்தாப்புல நின்னா இன்னொரு பலவான் பின்னால போய் ஒண்டிக்கிடணும்னு உன் பாடத்துல இருக்குல்லா? ஒண்டினோம், இங்கிலீஷ் கம்பெனி பின்னால. கம்பெனி எதுக்கு வந்தான்னு அப்போ யாரும் அழுத்திக் கேட்டதாத் தெரியல. தென்னந்தோப்புக்குக் காவலுக்கு வச்ச ஆளு முதல்ல கூலி கேட்டு, பொறவு குலையை அவனே வெட்டி, கடைசியில பட்டாவைக் கொண்டான்னு நின்ன மாதிரி ஆச்சு. 1795-ல ஒரு உடன்படிக்கை, 1805-ல அதைவிட இறுக்கமா இன்னொண்ணு, வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் கப்பம். நம்ம தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய் அந்தக் கடனுக்கும் ரெசிடெண்ட் மெக்காலேக்கும் நடுவுல மாட்டி, 1809 ஜனவரியில குண்டறையில இருந்து கம்பெனிக்கு எதிரா ஜனங்களைக் கூப்பிட்டாரு. அந்த வருஷமே மண்ணடியில உயிரை விட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு ரெசிடெண்ட் மன்றோவே திவானாவும் உக்காந்துட்டான். கப்பம் கேக்கவனும் அவன், கணக்கு எழுதுறவனும் அவன். இதுக்கு உன் புஸ்தகத்துல என்ன பேரோ, எனக்கு மறந்துபோச்சு.

இப்போ திவான் சர் சி.பி. இவரைப் பத்தி உங்க தாத்தா பேச ஆரம்பிச்சா வெத்திலைச் செல்லம் காலியாகுற வரைக்கும் நிறுத்த மாட்டாரு. மூளைன்னா மூளை. 1947 ஜூன் 11-ந்தேதி, வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனிநாடுன்னு அறிவிச்சாரு. சும்மா வீம்புக்கு இல்ல. கடற்கரை மணலைக் காட்டித்தான். 1909-ல ஷோம்பர்க்ங்கிற ஜெர்மன்காரன் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல்ல மோனசைட்டைக் கண்டுபிடிச்சான். அதுல இருந்து எடுக்கிற தோரியம் முதல்ல காஸ் விளக்கு மேண்டிலுக்குப் போச்சு. 1945-ல ஹிரோஷிமாவுக்குப் பொறவு அந்த மணலுக்கு வேற மரியாதை வந்துட்டு. லண்டன்காரனும் வாஷிங்டன்காரனும் எதுக்கு நம்ம வாசலைப் பாக்கான்னு சி.பி. சரியாவே கணக்குப் போட்டாரு. பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியைக்கூட நியமிச்சாச்சு. ஜின்னாவுக்கு ஏகச் சந்தோஷம்.

எங்க கோட்டை விட்டாரு தெரியுமா? வெளியே நிக்கவன் எதுக்கு வந்தான்னு கேட்ட மனுசன், உள்ள இருக்கவன் என்ன நினைக்கான்னு கேக்கல. முந்தின வருஷம்தான் புன்னப்பிர-வயலார்ல துப்பாக்கிச் சூடு. ஸ்டேட் காங்கிரஸ்காரன் எதிரி, கம்யூனிஸ்டு எதிரி, தெக்க தமிழ் தாலுகாக்காரனும் முகத்தைத் திருப்பிக்கிட்டான். வால்ட்ஸ் நாட்டை ஒரு பூட்டின பெட்டியா வச்சுக் கணக்குப் போடுதாரு இல்லியா, உள்ள என்ன இருக்குங்கதைப் பாக்க வேண்டாம்னு. சி.பி.யும் அந்தக் கணக்குத்தான் போட்டாரு. ஜூலை 25-ந்தேதி சாயங்காலம் சுவாதித் திருநாள் சங்கீத அகாதமி விழாவுல, பெட்டிக்குள்ள இருந்து ஒரு கை வெட்டுக்கத்தியோட வந்துட்டு. உயிர் தப்பினதே பெரிசு. அந்த மாசம் முடியுமுன்ன மகாராஜா இந்தியாவோட சேர சம்மதிச்சுட்டாரு. ஆகஸ்டுல திவானும் ராஜினாமா. கேலி என்னன்னா, ஷோம்பர்க் கண்ட அந்த மணவாளக்குறிச்சி 1956 நவம்பர் 1-ல கன்னியாகுமரி ஜில்லாவோட தமிழ்நாட்டுப் பக்கமே போயிட்டு. நல்லவேளை, சவறை மணலாவது கேரளத்துக்கு மிஞ்சிச்சு.

அதே மணலை நேரு எப்படிப் பிடிச்சாருன்னும் பாத்துக்கோ. 1951-ல நாட்டுல சோத்துக்குப் பஞ்சம், அமெரிக்காகிட்டக் கோதுமைக் கடன் கேட்டு நிக்கோம். மோனசைட்டைத் தருவியான்னு அவங்க காங்கிரஸ்ல சிலபேர் கேட்டாவ. வயித்துல ஈரத்துணி, ஆனாலும் மனுசன் மணலை விட்டுக் கொடுக்கல. கோதுமையும் வந்துது.

தும்பா ராக்கெட் தளத்தைச் சுருக்கமாச் சொல்லுதேன், அது உனக்கு என்னைவிட நல்லாத் தெரியும். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல்னு 48, 49, 50 வரிசையா மூணு அதிகாரம் வச்சிருக்காரு. உன் அமெரிக்க வாத்தியாருங்க முதல் அதிகாரத்துலயே பென்ஷன் வாங்கிருதாவ. தும்பாவோட பலம் பூராவும் மூணாவதுல இருக்கு. பூமியோட காந்த நடுக்கோடு அப்போ அந்த மீனவக் கிராமத்துக்கு மேல போச்சு, வேற ஒண்ணும் கிடையாது அங்க. கியூபாவுல ஏவுகணையை வச்சு ரஷ்யாவும் அமெரிக்காவும் உலகத்தையே கொளுத்தப் பாத்ததுக்கு மறுவருஷம், 1963 நவம்பர் 21-ந்தேதி, தும்பாவுல முதல் ராக்கெட் கிளம்பிச்சு. ராக்கெட் அமெரிக்கா, உள்ள வச்ச சோடியம் சாமான் பிரான்சு. ஹெலிகாப்டரும் கம்ப்யூட்டரும் ரஷ்யாக்காரன் கொடுத்தது. வேலை நடந்தது மேரி மக்தலேனா சர்ச்சுல, பிஷப் பெரேரா சம்மதிச்சு விட்டுக்கொடுத்த இடம். 1968-ல இந்திரா காந்தி அதை ஐக்கிய நாட்டு சபைக்கே அர்ப்பணிச்சாரு. எல்லாருக்கும் வேணும்ங்கிற ஒரு கோடு நம்ம தலைக்கு மேல போச்சு, ஒருத்தனுக்கும் தனியா எழுதிக் கொடுக்கல.

அதுல மயங்கி, உலகமே ஒரு குடும்பம்னு பேசிராதே. நம்ம இஸ்ரோக்காரங்க ரஷ்யாகிட்ட கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்துக்கு 1991-ல ஒப்பந்தம் போட்டாங்கல்லா? 1992-ல அமெரிக்கா தடை போட்டுது, 1993-ல ரஷ்யா கையை விரிச்சுட்டு. எஞ்சின் தருவேன், சூத்திரம் தர மாட்டேன்னுட்டான். நம்மாளுங்க சொந்தமாச் செஞ்சு, ஜி.எஸ்.எல்.வி.யை அந்த எஞ்சினோட ஒழுங்காப் பறக்க விட்டது 2014 ஜனவரி 5-ல. நம்மகிட்ட இருக்கதுக்கு வர்றவன் சிரிச்சுக்கிட்டு வருவான். அவன்கிட்ட இருக்கதுக்கு நாம போனாத்தான் சட்டப் புஸ்தகம் வெளியே வரும்.

ஐ.நா.வைப் பத்திக் கேட்டா நம்ம தொகுதியையே சொல்லு. 1957-ல பாதுகாப்பு சபையில காஷ்மீருக்காக எட்டு மணி நேரம் கிட்ட பேசின கிருஷ்ண மேனனை, சொந்தக் கட்சியே வேண்டாம்னு விட்டப்பொறவு, 1971-ல சுயேச்சையா ஜெயிக்க வச்சு டில்லிக்கு அனுப்பினது திருவனந்தபுரம். 2006-ல பொதுச் செயலாளர் பதவிக்கு நின்னு ரெண்டாவது வந்த சசி தரூரை 2009-ல ஜெயிக்க வச்சதும் திருவனந்தபுரம். மத்த நாடெல்லாம் கை தூக்கினாலும் அஞ்சு நிரந்தரக்காரன்ல ஒருத்தன் முகம் சுளிச்சா காரியம் முடிஞ்சுதுன்னு அவரு கதையில படிச்சுக்கிடலாம். உலக சபையில அலுத்து வர்றவங்களுக்கு நம்ம ஊரு ஒரு நல்ல திண்ணை.

இனி அந்த இங்கிலீஷ் பிளேன். சிரிக்காம சொல்ல முடியல. 2025 ஜூன் 14 ராத்திரி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பல்ல இருந்து கிளம்பின எஃப்-35பி எண்ணெய் குறைஞ்சு நம்ம ஏர்போர்ட்டுல வந்து இறங்கிச்சு. எட்டு லட்சம் கப்பம் வாங்கினவன் வம்சம் எண்ணெய் கேட்டு வந்து நிக்கி, பாத்துக்கோ! உலகத்துலயே விலைகூடின சண்டை விமானங்கள்ல ஒண்ணு, ரேடாருக்கே தெரியாதாம். எடவப்பாதி மழை அதைக் கண்டுபிடிச்சு நனைச்சுட்டு. ஹைட்ராலிக் கோளாறுன்னு கிளம்ப மாட்டேன்னுட்டு. முதல்ல கொட்டகைக்குள்ள கொண்டுபோகவும் சம்மதிக்கல, ரகசியம் போயிருமாம். பொறவு இங்கிலாந்துல இருந்து மேஸ்திரிமாரு வந்து, ஜூலை 6-ல உள்ள தள்ளி, 22-ந்தேதிதான் ஆஸ்திரேலியா பக்கம் பறந்துது. அதுவரைக்கும் காவல் நம்ம சி.ஐ.எஸ்.எஃப். நடுவுல கேரள டூரிசம்காரன் சும்மா இருந்தானா? இந்த ஊரை விட்டுப் போக மனசே வரலன்னு பிளேன் அஞ்சு நட்சத்திரம் கொடுக்கிற மாதிரி விளம்பரம் போட்டு உலகத்தையே சிரிக்க வச்சுட்டான். மென்சக்தின்னு பேரு வச்ச ஜோசப் நை அந்தப் பிளேன் இறங்குறதுக்கு முந்தின மாசம்தான் காலமானாரு. இருந்திருந்தா அடுத்த பதிப்புல நம்ம ஏர்போர்ட்டைச் சேத்திருப்பாரு.

கடைசியா விழிஞ்சம். ஆய் வேளிரு, பாண்டியன், சோழன்னு எத்தனையோபேர் இந்தத் துறைக்காக முட்டிக்கிட்டாவ. ராஜராஜன் கல்வெட்டுல பெருமையாப் பொறிச்ச காந்தளூர்ச் சாலை, நம்ம கடைக்குப் பக்கத்து வலியசாலைதான்னு சரித்திரக்காரங்க பலபேர் சொல்லுதாவ. எதுக்கு வந்தாங்க? கப்பலுக்குத்தான். இன்னைக்கும் அதே காரியம். கரைக்குப் பக்கத்துலயே இருபது மீட்டர் கிட்ட ஆழம், சர்வதேசக் கப்பல் பாதைக்குப் பத்து கடல்மைல். 2025 மே 2-ந்தேதி பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணிச்சாரு. கொழும்புக்குப் போட்டி, சீனாவுக்குப் பதில்னு டி.வி.யில எல்லாரும் வலுச்சமநிலை பேசினாவ. நான் கல்லாவுல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். விழிஞ்சத்தை நடத்துறது அதானி. அதே வருஷம் ஏப்ரல்ல கொழும்பு மேற்கு முனையத்தைத் தொறந்ததும் அதானி கூட்டுதான். அதே துறைமுகத்துல சீனாக்காரன் முனையமும் இருக்கு. போட்டிக்கு ரெண்டு கரையிலயும் ஒரே கடைக்காரன் நின்னா அதுக்குப் பேரு என்னன்னு டில்லியில கேட்டுச் சொல்லு.

அர்ப்பணிச்சு மாசம் திரும்பல, மே 25-ந்தேதி விழிஞ்சத்துல இருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா-3 முங்கிப்போச்சு. ஆளுங்க 24 பேரும் தப்பிச்சாவ, நல்லகாலம். கண்டெய்னர் கொல்லம், ஆலப்புழைக் கரையில ஒதுங்கிச்சு, பிளாஸ்டிக் குருணை நம்ம கடற்கரை வரைக்கும் வந்துது, மீன் வாங்க ஆளில்ல. யாரைப் பிடிக்க? கப்பல்ல பறந்த கொடி லைபீரியா. கம்பெனி ஜெனீவாவுல, கடலே இல்லாத சுவிட்சர்லாந்துல! உன் புஸ்தகப்படி கேரளம் ஒரு நாடே இல்ல, உலக அரங்குல அதுக்கு நாற்காலி கிடையாது. ஆனா 9,531 கோடி ரூபாய் கேட்டு ஹைகோர்ட்டுல வழக்குப் போட்டுது. ஜூலையில அதே கம்பெனியோட இன்னொரு கப்பல் விழிஞ்சத்துக்கு வந்து நின்னப்போ, கோர்ட்டு உத்தரவு போட்டுப் பிடிச்சு வச்சாச்சு. படை போகல, பீரங்கி வெடிக்கல. அவனுக்கு அந்த ஆழம் வேணும், திரும்பத் திரும்ப வந்துதான் ஆகணும்.

அதனால மருமகனே, நேர்முகத்துல மார்கெந்தாவைக் கேட்டா மார்கெந்தாவைச் சொல்லு, மார்க்கு போடுறவன் அவன். உத்தியோகம் கிடைச்சு நாளைக்கு இந்தக் கரையைப் பத்தி ஒரு காகிதத்துல நீ கையெழுத்துப் போடுற காலம் வந்தா, வந்தவன்கிட்ட எதுக்கு வந்தேன்னு கேளு. கேட்டுட்டு, சி.பி. மாதிரி அங்கயே நின்னுராதே. வலியதுறையில கடல் வீட்டைக் கொண்டுபோய், சிமெண்டு குடோனுக்குள்ள துணித்திரை கட்டி வருஷக்கணக்கா குடித்தனம் நடத்தினவங்க இருக்காவ. துறைமுக வேலையாலதான் கரை அரிக்குதுன்னு கடற்கரைக்காரன் சொல்லுதான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேன்னு கட்டினவன் சொல்லுதான். அந்த வழக்குல யாரு பக்கம் நியாயம்னு நீ போய், மணல்ல நின்னு, ரெண்டுபேர்கிட்டயும் கேட்டுட்டு வா. நீ நெட்டுருப் போட்ட புஸ்தகம் ஒண்ணுலயும் அந்தக் கடற்கரைக்காரன் பேரை நான் கேக்கல.